ஓடையோரமா, மேடா, தரிசு அடுக்கா: கூடாரம் அடிக்க எது தோது?

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் ஒருவர் தோட்டத்தில் இரண்டு இரவு தங்க இடம் கேட்டோம். "எங்க வேணா அடிச்சுக்குங்க தம்பி" என்று மூன்று இடம் காட்டினார்: ஓடையோரப் புல்தரை, உச்சியில் மொட்டை மேடு, நடுவில் ஆவணியில் பூண்டு எடுத்துவிட்டுச் சும்மா போட்டிருந்த ஓர் அடுக்கு, அதாவது மலைச்சரிவைப் படிபோல் வெட்டிச் சமமாக்கிய வயல். அப்போது ஐப்பசி. முதல் இரவு ஓடையோரம், மறு இரவு அடுக்கு. எனக்கு அடுக்குதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஓடையோரத்தின் சுகம் தெரிந்ததுதான். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். அட்டை, குளிர், காட்டுமாடு இறங்கும் தடம் என்று தொல்லைகளும் தெரிந்தவைதான். ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். கொடைக்கானலில் உறைபனி முதலில் வெளுப்பதும் தாழ்வான புல்தரைதான். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்றுதான் நாங்கள் பயந்தோம். புதரில் சருகும் குச்சியும் எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பார்த்து, அதற்கும் மேலே தள்ளித்தான் அடித்தோம். பிறகு மழை. இரண்டு மணிக்கு முதுகு ஜில்லிட்டு எழுந்து கையை ஊன்றினால், தரை மெத்தைபோல் அமுங்குகிறது. டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓடை ஏறவே இல்லை. தண்ணீர் மண்ணுக்குள்ளிருந்து ஊறியிருந்தது. காலையில் தோட்டக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கோரை நிக்கிற எடத்துல ஆடுகூடப் படுக்காதே தம்பி."

கோரை. பசேலென்று இருந்ததால்தான் அந்த இடத்தையே பிடித்திருந்தோம்.

மேட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. வேறொரு பயணத்தில், சித்திரையில், ஒரே ஓர் இரவு அப்படியோர் இடத்தில் படுத்திருக்கிறேன். பனி ஈரம் குறைவு, விடியல் அருமை. ஆனால் நாலு விரல் மண்ணுக்குக் கீழே பாறை, கூடார முளை இறங்கவில்லை. கல்லை வைத்துக் கட்டினோம். ஆடிக் காற்றுக்கு அது தாங்குமா என்பதைத் தங்கிப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். இடி மின்னல் மாதத்தில் மட்டும் மொட்டை மேட்டுக்கு நான் வர மாட்டேன்.

அடுக்குக்கு வருகிறேன். பூண்டுக்கு வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதனால் அந்த நிலத்தில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நமக்கு முன்னாலேயே ஒருவர் பார்த்து வைத்திருக்கிறார்: கண்ணுக்குத் தெரியாத வாட்டம், ஓரத்தில் ஒரு வாய்க்கால். காட்டிலோ புல்வெளியிலோ நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வடிகால் இங்கே கட்டியே கிடக்கிறது.

அதிலும் எங்கே அடிப்பது என்று பார்க்க வேண்டும். உள்பக்கம், மேல் அடுக்கின் சுவரை ஒட்டி, ஊற்று கசியும். வெளி விளிம்பில் கல்கட்டு சரியலாம். இரண்டுக்கும் நடுவில், விளிம்புப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஓடி மண்ணுக்குள் போய்விட்டது. குட்டையாக நின்றிருந்தால் இடம் மாற்றியிருப்பேன். பிறகு வெறுந்தரையில் படுத்துப் பார்த்து, தலை மேட்டுப் பக்கம் வருகிற மாதிரி கூடாரத்தைத் திருப்பினோம். அடியில் விரிக்கும் தார்ப்பாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழையை ஏந்தி உள்ளே அனுப்பும், அதை மடித்துவிட்டோம். அண்ணாந்தும் பார்க்க வேண்டும்: பக்கத்தில் தைலமரம் இருந்தால் அதன் உயரத்துக்கு விலகிவிடுவது நல்லது. புதிதாக உழுத அடுக்கானால் வேண்டவே வேண்டாம், முளை பிடிக்காது. இது இரண்டு மாத மழையில் இறுகிய மண்.

அன்றிரவும் மழை, முதல் நாளைவிடப் பலமாக. வெளியே விட்ட செருப்பு மட்டும் நனைந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் தூங்கும் பையில் பூண்டு வாடை போகவில்லை என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள்.