பியர் 21: ஹலிபக்ஸ் போனால் அரைநாள் இங்கே ஒதுக்குங்கோ

போன கோடையில் மகளோடு ஹலிபக்ஸ் போயிருந்தேன். கடலோரப் பலகை நடைபாதையால் தெற்குப் பக்கம் நடந்துகொண்டே போனால், மார்ஜினல் ரோட்டில் நீளமான பழைய துறைமுகக் கட்டடம் ஒன்று வரும். அதுதான் பியர் 21, கனடாவின் குடிவரவு அருங்காட்சியகம். 1928 முதல் 1971 வரை கிட்டத்தட்டப் பத்து லட்சம் பேர் கப்பலால் இறங்கி இந்த வழியாகத்தான் நாட்டுக்குள் போயிருக்கிறார்கள். பக்கத்திலேயே ரயில். இறங்கி, முத்திரை குத்துவித்து, அப்படியே மொன்றியலுக்கோ மேற்கே இன்னும் தூரமாகவோ ஏறிப் போயிருக்கிறார்கள்.

"அப்பா, நீங்கள் இதாலயா வந்தனீங்கள்?" என்று மகள் கேட்டாள். இல்லை, பிள்ளை. நாங்கள் வரத் தொடங்குமுன்னமே இதைப் பூட்டிவிட்டார்கள். எல்லோரும் விமானத்தில் வரத் தொடங்கிய பிறகு கப்பல்துறைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஆனாலும் இது எங்களுக்கும் சொந்தமான இடம் என்று எனக்குப் பட்டது. வந்தவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சுங்க அதிகாரிகள் பறித்த கதை இந்தத் துறையோடு சேர்ந்தே சொல்லப்படுவது. இத்தாலியில் இருந்து வந்த தாய்மார் தொத்திறைச்சியை உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் அம்மா வந்திறங்கிய அன்று, ஈரத்துணியில் சுற்றி வந்த கறிவேப்பிலைக் கட்டை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். வீடு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மகளுக்கு அந்தக் கதையை அங்கே வைத்துத்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு பெரிய எஃகுச் சக்கரத்தின் முன்னால். கட்டடக் கலைஞர் டானியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்தது. உள்ளே நாலு பல்சில்லுகள்: வெறுப்பு, இனவாதம், அந்நியர் மீதான பகை, யூத எதிர்ப்பு. ஒன்று மற்றதைச் சுழற்றும். சுழலச் சுழல அதில் உள்ள கப்பலின் படம் உடைந்து, பிறகு திரும்பவும் பொருந்தும். அந்தக் கப்பல் செயின்ட் லூயிஸ். 1939இல் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டுத் தப்பி வந்த யூதர்களைக் கியூபா ஏற்கவில்லை, அமெரிக்கா ஏற்கவில்லை, கனடாவும் ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பினார்கள். அவர்களில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். 2018இல்தான் கனடா நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. சக்கரத்தின் பின்பக்கத்தில் பயணிகளின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. கட்டாயம் சுற்றிப் போய்ப் பாருங்கோ.

பிள்ளைகளோடு போகிறவர்கள் கொஞ்சம் சட்டம் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிறது எல்லாம் இன்னும் நன்றாக விளங்கும். சீனர்களிடம் மட்டும் நாட்டுக்குள் வர ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி வாங்கினார்கள். 1885இல் 50 டொலர், 1903இல் 500 டொலர். 1923இல் அவர்களை அறவே வரவிடாமல் ஒரு சட்டம், 1947வரை இருந்தது. இந்தியர்களைப் பெயர் சொல்லாமலே தடுக்க 1908இல் ஒரு விதி போட்டார்கள்: பிறந்த நாட்டில் இருந்து இடையில் எங்கும் மாறாமல் நேராக வரவேண்டும். இந்தியாவில் இருந்து நேர்க்கப்பலே கிடையாது! 1914இல் 376 பேரோடு வந்த கொமகாட்டா மாரு என்ற கப்பலை வன்கூவர் கரையில் இரண்டு மாதம் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பியது அப்படித்தான். படிப்பையும் தொழிலையும் பார்க்கிற புள்ளிமுறை 1967இல்தான் வந்தது. இந்தத் துறை திறந்திருந்த காலத்தில் பெரும்பகுதிக்கு எங்களைப் போன்ற நிறத்தவருக்குக் கதவு அநேகமாகச் சாத்தியே கிடந்தது. அதைத் தெரிந்துகொண்டு அந்தப் பழைய படங்களைப் பார்த்தால், யார் அதில் இல்லை என்பதும் கண்ணில் படும்.

எங்கள் கதை 1980களில் வருகிறது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அதற்கு முந்தின வருடம், 1985 ஏப்ரல் 4, உச்ச நீதிமன்றத்தின் சிங் தீர்ப்பு. அதுவரை அகதிக் கோரிக்கையைத் தீர்மானிக்கிறவர்கள் ஆளின் முகத்தையே பார்க்காமல், கடதாசியை வாசித்து முடிவு சொன்னார்கள். கனடாவின் உரிமைச் சாசனத்தில் 'ஒவ்வொருவருக்கும்' என்று இருக்கிறதே, கனடாவில் நிற்கிற எவரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம் என்று நீதியரசர் பெர்தா வில்சன் எழுதினார். அதற்குப் பிறகுதான் அகதிக் கோரிக்கையாளரை நேரில் வைத்துக் கேட்கிற விசாரணை வந்தது. நான் வந்தது 1989இல். ரொறன்ரோவில் அகதி விசாரணையில் தீர்மானிக்கிற இரண்டு பேருக்கு முன்னால் இருந்து, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, என் கதையை என் வாயால் சொன்னேன். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எனக்கு அந்தக் கதிரை கிடைத்திராது.

நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கோ, நிற்கிற நேரம் அதிகம். உல்லாசக் கப்பல்கள் பக்கத்தில்தான் கட்டும். அவை வருகிற நாட்களில் சனம் கூடும், அதைப் பார்த்து நாளைத் தெரிவு செய்யுங்கோ. ஐந்தில் ஐந்து கொடுக்கிறேன்.

ஸ்காபரோ திரும்பின இரவே மகள் என் லாண்டிங் பேப்பரை, அதாவது நிரந்தரமாகக் குடியேற விட்டதற்கான கடதாசியை, கேட்டாள். அலுமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். "இந்தப் படத்தில் ஏன் இப்படி மெலிஞ்சு போய் இருக்கிறீங்கள், அப்பா?" என்றாள். பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.