தோட்ட அலுவலகக் கணினிக்கு ஸ்விங்கா, ஜாவாஎஃப்எக்ஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்திற்காக, குலைகளின் எடையையும் லோரி நடைகளையும் பதியும் மேசைக்கணினிச் செயலியை அண்மையில் ஜாவா நிரல்மொழியில் எழுதினேன். அதில் திரைகளை அமைக்க உதவும் கருவித்தொகுப்புகள்தான் ஸ்விங்கும் ஜாவாஎஃப்எக்ஸும். திரைகளை முதலில் ஜாவாஎஃப்எக்ஸில் மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு, பின்னர் ஸ்விங்கிற்கு மாறினேன்.

தோற்றத்தில் ஜாவாஎஃப்எக்ஸ்தான் மேல். தோற்ற விதிகளை எழுதும் சிஎஸ்எஸ் மொழி கொண்டு நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றலாம். சீன் பில்டர் என்னும் வடிவமைப்புக் கருவியில் திரையை இழுத்து வைத்தே அமைக்கலாம். நிரல் திட்டத்தைத் தொகுத்துக் கட்டும் கருவிகளான மேவன், கிரேடில் இரண்டும் ஸ்விங், ஜாவாஎஃப்எக்ஸ் இரண்டுக்கும் பொருந்தும்; எனக்குப் பழகியது மேவன்.

என்னை மாற்றியது பராமரிப்பு. 1998-இல் வந்த ஜாவா 1.2 முதல் ஸ்விங், ஜாவா நிரல் எழுதத் தேவையான ஜேடிகே என்னும் தொகுப்பின் உள்ளேயே இருக்கிறது. ஜாவாஎஃப்எக்ஸோ, 2018-இல் வந்த ஜாவா 11 முதல் தனியே பிரிக்கப்பட்டுவிட்டதால், அதைத் திட்டத்தில் நாமே சேர்க்க வேண்டும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஒவ்வொன்றுக்கும் அதன் கோப்புகள் வேறு. பதிப்புகளும் பொருந்த வேண்டும்: ஜாவாஎஃப்எக்ஸ் 21-க்கு ஜேடிகே 17 ஆவது தேவை, 23-க்கோ ஜேடிகே 21. ஜாவாஎஃப்எக்ஸைப் புதுப்பிக்கப் போனால் ஜேடிகேயும் கூடவே நகர வேண்டியிருக்கலாம். அந்த அலுவலகத்துக் கிராணியார் கணக்கில் கெட்டிக்காரர், நிரலாளர் அல்லர். சில ஆண்டுகள் கழித்து இத்திட்டத்தைத் திறக்கப்போகிறவர் நானாக இல்லாமலும் போகலாம். அவர் ஒரு ஜேடிகேயை நிறுவியதும் திட்டம் ஓட வேண்டும் என்பதே என் அக்கறை.

ஒப்படைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஜேடிகே 16-இல் நிலைபெற்ற ஜேபேக்கேஜ் என்னும் கருவி, ஜாவா இயக்கச் சூழலையும் செயலியுடன் சேர்த்துக் கட்டித் தருவதால், அலுவலகக் கணினியில் ஜாவாவை நிறுவத் தேவையில்லை. ஆனால் விண்டோஸுக்கான தொகுப்பை விண்டோஸிலேயே செய்தாக வேண்டும். அங்கே இணையம் மெதுவாக இருப்பதால், நான் அந்தத் தொகுப்பு இருந்த கோப்புறையைப் பென்டிரைவில் கொண்டு சென்றேன்.

ஸ்விங்கின் பழைய தோற்றத்தை ஃபிளாட்லாஃப் என்னும் ஆயத்த நிரல் நூலகம் பெரிதும் சரிசெய்கிறது. தொழிலாளர்களின் தமிழ்ப் பெயர்களும், நிர்மலா யூஐ எழுத்துருவை அமைத்தபின், கொம்பும் காலும் இடம் மாறாமல் தெரிகின்றன. ஆனால் மாத அறிக்கை தயாரிப்பது போன்ற நீண்ட வேலைகளை, பின்னணியில் அவற்றைச் செய்யும் ஸ்விங்வொர்க்கரிடம் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் திரை உறைந்துவிடும்.

ஜாவாஎஃப்எக்ஸை நான் ஒரு ஜேடிகேயிலிருந்து அடுத்ததற்கு மாற்றிப் பார்த்ததில்லை. அதன் பராமரிப்பைப் பற்றி நான் சொல்வது பதிப்பு நிபந்தனைகளை வைத்துத்தான். மாத விளைச்சலை வரைபடமாகக் காட்டும்படி அலுவலகம் கேட்டால், ஜாவாஎஃப்எக்ஸில் அதற்கான பாகங்கள் உள்ளேயே இருக்கின்றன; ஸ்விங்கில் நானே வரைய வேண்டும், அல்லது இன்னொரு நூலகத்தைச் சேர்க்க வேண்டும்.