தூரச் சவால்களில் ஐந்து வருடம்: யார் ஓட்டினார், யார் ஓட்டவில்லை

மலேசியாவின் பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தில் சைக்கிள் ஓட்ட அனுமதி கிடையாது. சிறப்பு நிகழ்ச்சி நாட்களை விட்டால் மற்ற நாளில் ஏறினால் தடுத்து நிறுத்துவார்கள். தீவில் சைக்கிள் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் 2022-இல் நான் சேர்ந்திருந்த ஒரு தூரச் சவாலில் (மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சைக்கிள் ஓட்டி, பதிந்து காட்டும் போட்டி) மூன்றாம் இடத்தில் இருந்தவரின் வரைபடத்தைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடு தீவின் கெலுகோரில் கிளம்பி, கடலுக்கு மேல் நேராக ஓடி, அக்கரையில் பிறை என்ற ஊரில் இறங்கியிருந்தது. பாலத்தின் மேல் வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர்.

மறதியாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிளைக் காரில் ஏற்றிவிட்டு, கைப்பேசியில் பதிவை நிறுத்த மறந்து வீடுவரை போவது யாருக்கும் நடக்கும். எனக்கும் ஒருமுறை நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்து, அந்தக் கடைசித் துண்டை வெட்டி எடுத்தேன். ஆனால் இவருடைய கணக்கில் அந்த மாதம் மட்டும் எட்டு முறை அதே கோடு. ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன். "பங்கேற்பாளர்களின் நேர்மையை நாங்கள் நம்புகிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மாத இறுதியில் அவருக்குக் கோப்பை போனது.

அன்றைக்குப் பிடித்த ஆத்திரத்தில்தான் இந்த விஷயத்தை நோண்ட ஆரம்பித்தேன். நோண்டிய பிறகு, நான் யாரைச் சந்தேகப்பட்டேனோ அவர்களைப் பற்றிய என் எண்ணமே மாறிப்போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2020 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகுதான் நான் சைக்கிள் பக்கம் வந்தேன். வயது அப்போது 41. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. பழைய ரோடு பைக் ஒன்றை வாங்கி, முதல் ஒரு வருடம் கைப்பேசியிலேயே தூரத்தைப் பதிந்தேன். அப்புறம் கைப்பிடியில் மாட்டும் சின்னக் கருவியும், மார்பில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டையும் வாங்கினேன். இதுவரை பணம் கட்டிச் சேர்ந்த சவால்கள் பதினொன்று. 50 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 90 வெள்ளி வரை கட்டணம். மாதத்துக்கு 300, 500, 1,000 கிலோமீட்டர் என்று இலக்கு வைப்பார்கள். முடித்தால் தபாலில் பதக்கமும் ஜெர்சியும் வரும். பணம் கட்டாமல் செயலிகளிலேயே சேரும் மாதச் சவால்கள் தனி. அவற்றில் கிடைப்பது திரையில் ஒரு பேட்ஜ் மட்டும்தான்.

ஊக்கம் என்று பார்த்தால் இவற்றுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். காலை ஐந்தரைக்கு எழுந்து கர்னி டிரைவ் வரை போய் வரும் பழக்கம் எனக்கு வந்ததே முதல் 300 கிலோமீட்டர் சவாலால்தான். மழை பிடித்த அக்டோபரில்கூட விட மனம் வராது. இன்னும் 40 கிலோமீட்டர் பாக்கி என்று திரை காட்டிக்கொண்டே இருக்கும்.

குறை எங்கே என்றால், சரிபார்ப்பில். பணம் கட்டும் சவால்கள் பலவற்றில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் போதும். ஒரே ஓட்டத்தைக் கைப்பேசியில் ஒன்று, கருவியில் ஒன்று என்று இரண்டாகப் பதிந்து இரண்டையும் அனுப்பியவரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் 0.3 கிலோமீட்டர்தான் வித்தியாசம், தொடங்கிய நேரம் ஒன்றே. மின்சார சைக்கிளில் போய்விட்டுச் சாதாரண சைக்கிள் என்று போடுபவர்கள் உண்டு. ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் மின்சார சைக்கிளுக்கு என்றே தனி வகை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு தட்டுத்தான் ஆகும். மோட்டார் சைக்கிளில் போவது அடுத்த ரகம். இதற்கெல்லாம் மேலே, ஓட்டாத ஓட்டத்தையே கோப்பாக உண்டாக்குவது.

இந்தக் கடைசி வகை எப்படி முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் உங்கள் ஓட்டம் ஒன்றை ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி, சாதாரண எழுத்துச் செயலியில் திறந்து பாருங்கள். நான் முதலில் திறந்தபோது அசந்துபோனேன். பெரிய ரகசியம் எதுவும் அதில் இல்லை. வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், நேரம். அவ்வளவுதான். நேரத்தை மட்டும் மாற்றி எழுதினால் நீங்கள் நினைத்த வேகம் கிடைத்துவிடும்.

ஆனால் அதே கோப்பு பொய்யைக் காட்டியும் கொடுக்கும். மனிதன் ஓட்டிய கோப்பில் புள்ளிகள் ஒரு சீராக இருக்காது. ஜெலுத்தோங்கில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறோம், லோரி ஒதுங்கக் காத்திருக்கிறோம், தண்ணீர் குடிக்கக் கையெடுத்தால் வேகம் இரண்டு குறைகிறது. எல்லாம் அங்கே பதிந்திருக்கும். இதயத் துடிப்புப் பட்டை இருந்தால் இன்னும் தெளிவு. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலை ஏறும்போது துடிப்பு உடனே எகிறாது. சற்றுப் பின்தங்கி ஏறும், உச்சி தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் இறங்காது. நம் வெயிலில், சமதரையில் ஒரே வேகத்தில் போனால்கூட மணி பத்தை நெருங்க நெருங்கத் துடிப்பு மெல்லக் கூடிக்கொண்டே போகும். பொய்க் கோப்பு தயாரிப்பவர் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

வேகத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓட்டிய ஆடவர் சாதனையை 2022 அக்டோபரில் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டராக உயர்த்தினார். உள்ளரங்கத் தடம், தனி வடிவமைப்புச் சைக்கிள், உலகத்தரக் கால்கள். காற்று எதிர்ப்பின் கணக்கு அப்படி: வேகம் இரு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான ஆற்றல் எட்டு மடங்காகும். அப்படியிருக்க, வாரக் கடைசியில் மட்டும் ஓட்டும் ஒருவர் தனியாகத் தீவைச் சுற்றி 70 கிலோமீட்டரைச் சராசரி 44-இல் முடித்தார் என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

வேகம் சரி. தூரம்? இங்கேதான் நான் தவறு செய்தேன்.

2023-இல் ஒரு சவாலில் பாயான் பாரு பக்கத்துத் தம்பி ஒருவர் மாதம் 2,100 கிலோமீட்டர் காட்டினார். எல்லாமே இரவு பதினொன்றுக்கு மேல். வரைபடத்தைத் திறந்தால் ஒரே தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) 1.4 கிலோமீட்டர் சுற்று, கயிற்றைச் சுற்றி வைத்த மாதிரி கோட்டின் மேல் கோடு. மேடு பள்ளமே இல்லை. இதயத் துடிப்பும் இல்லை. எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அதைப் போட்டு, "இது வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை" என்று எழுதியது நான்தான். முப்பது பேர் ஆமாம் போட்டார்கள்.

அவர் எதுவும் மறுத்து எழுதவில்லை. "அக்கா, ஒருநாள் ராத்திரி வந்து பாருங்க" என்று மட்டும் எனக்குத் தனியாக அனுப்பினார். ஒரு வெள்ளிக்கிழமை போனேன். ஐந்து மாடி ஃபிளாட் வரிசை. அவர் கீழே வழக்கமான சுற்றில் ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது புளோக் முனையில் வேகத்தைக் குறைத்துத் தலையைத் தூக்கினார். நான்காம் மாடியில் ஒரு ஜன்னலில் மஞ்சள் விளக்கு. ஆறாவது சுற்றில் கேட்டேன். படுக்கையில் இருக்கும் அம்மா. மனைவிக்கு இரவு ஷிப்ட். அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கையருகே இருக்கும் சுவிட்சை அணைப்பார். விளக்கு அணைந்தால் இவர் சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடுவார். அந்த ஜன்னல் கண்ணில் படும் எல்லைக்குள்தான் அவரால் ஓட்ட முடியும். அதுதான் அந்த 1.4 கிலோமீட்டர்.

வீட்டுக்கு வந்து அவருடைய கோப்புகளை நிதானமாகப் பார்த்தேன். எல்லாச் சுற்றிலும் அந்த முனையில் வேகம் 26-லிருந்து 17, 18, சில நேரம் 19-க்கு இறங்கியிருந்தது. இடையிடையே பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நின்ற இடைவெளிகள். சாட்சி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. நான் மேலோட்டமாகப் படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எழுதிய அதே குழுவில் மன்னிப்புக் கேட்டேன். ஆமாம் போட்ட முப்பது பேரில் நான்கு பேர் பதில் எழுதினார்கள்.

ஒரே தடத்தில் சுற்றுவது சந்தேகத்துக்கு உரியது என்று எனக்கு யார் சொன்னது? அமெரிக்காவின் அமண்டா கோக்கர் 2016 மே முதல் 2017 மே வரை ஓட்டி ஒரு வருடத் தூரச் சாதனையைப் படைத்தார், 1,39,326 கிலோமீட்டர். நாளுக்குச் சராசரி 380-க்கும் மேல். அதில் பெரும்பகுதி ஃப்ளோரிடாவில் ஒரு பூங்காவுக்குள் சுமார் 11 கிலோமீட்டர் தடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றியது. அதற்கு முன் 1939-இல் இங்கிலாந்தின் டாமி காட்வின் 1,20,805 கிலோமீட்டர் ஓட்டினார். அப்போது ஜிபிஎஸ் ஏது? போகிற வழியில் சாட்சிகளிடம் அட்டையில் கையெழுத்து வாங்கிப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். கையில் கருவி இல்லாத காலத்தில் மனிதர்களைச் சாட்சி வைத்தார்கள். நாம் ஆயிரம் புள்ளிகளைப் பதிந்துவிட்டு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்க்கிறோம்.

அடுத்த வருடம் அந்தச் சந்தேகம் என் பக்கமே திரும்பியது. டிசம்பர் 24 முதல் 31 வரை எட்டு நாளில் 500 கிலோமீட்டர் ஓட்டும் ஃபெஸ்டிவ் 500 சவால், 2010-இலிருந்து உலகம் முழுக்க நடப்பது. நாளுக்கு 62.5 கிலோமீட்டர். விடுப்பு எடுத்து ஓட்டினேன். ஐந்தாம் நாள் குழுவில் ஒருவர், "அக்கா சைக்கிளில் மோட்டார் இருக்கிறதா என்று யாராவது பாருங்கள்" என்று எழுதினார். விளையாட்டாகக் கேட்டேன் என்றார் பிறகு. முந்தின நாள் பாலிக் புலாவ் ஏற்றத்தில் கால் நரம்பு இழுத்து, டுரியான் கடை ஓரம் பத்து நிமிடம் உட்கார்ந்து அழுதவள் நான். அந்த ஒரு வரியைப் படித்தபோது என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அந்தத் தம்பிக்கு நான் எழுதியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பதிலுக்கு அதுவரை ஓட்டிய என் எல்லா நாள் கோப்புகளையும் துடிப்போடு சேர்த்துக் குழுவில் போட்டேன். கேட்டவரை மறுநாள் கூட வரச் சொன்னேன். வந்தார். தித்தி கெராவாங் வரை ஏறினார். அதற்குப் பிறகு அவர் அப்படி யாரையும் எழுதவில்லை.

ஏமாற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. 2019-இல் பிரிட்டனின் முதல் மெய்நிகர் சைக்கிள் பந்தயச் சாம்பியன் கேமரன் ஜெஃபர்ஸின் பட்டமே பறிக்கப்பட்டது. வீட்டுக்குள் சைக்கிள் மிதித்துத் திரையில் பந்தயம் ஓட்டும் ஸ்விஃப்ட் தளத்தில், வேகமான ஒரு திரைச் சைக்கிளைப் பெற நிறைய மலை ஏற வேண்டும். அதைத் தன் காலால் ஏறாமல் ஒரு நிரலை வைத்து ஏற்றியிருந்தார். ஆறு மாதத் தடையும் 250 பவுண்டு அபராதமும் கிடைத்தன. விசாரித்து, ஆதாரம் பார்த்து, அவரும் ஒப்புக்கொண்ட பிறகு வந்த தீர்ப்பு அது. அங்கே விசாரிக்க ஓர் அமைப்பு இருந்தது. எங்கள் 70 வெள்ளிச் சவால்களில் விசாரிக்க யாரும் இல்லாததால், அந்த வேலையைப் புலனக் குழு எடுத்துக்கொள்கிறது.

சரி, சேரலாமா? இலக்கை முடித்தவர் எல்லாருக்கும் ஒரே பதக்கம் என்றால் தாராளமாகச் சேருங்கள். அங்கே மற்றவர் ஏமாற்றினாலும் உங்கள் கையிலிருந்து எதுவும் போவதில்லை. முதல் மூன்று பேருக்குக் கோப்பை, பரிசுப் பணம் என்று இருந்து, சரிபார்ப்பு வெறும் ஸ்கிரீன்ஷாட் என்றால் நான் இப்போது பணம் கட்டுவதில்லை. சேருமுன் ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள்: அசல் கோப்பைக் கேட்பீர்களா, புகார் வந்தால் யார் பார்ப்பார்? பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். யார் மீதாவது சந்தேகம் வந்தால் ஏற்பாட்டாளருக்கு மட்டும் எழுதுங்கள், அதுவும் கோப்பைப் பார்த்த பிறகு. குழுவில் எழுத வேண்டாம்.

பெர்ரிப் படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், புதியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய் வரும்போது சைக்கிளோடு பெர்ரியில் ஏறுகிறோம். பதிவை நிறுத்தாவிட்டால் கடல் தூரமும் கணக்கில் சேரும், ஒவ்வொரு கடப்புக்கும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பெர்ரி போகும் வேகம் சைக்கிள் வேகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் எந்தச் செயலிக்கும் சந்தேகம் வராது. நான் ஏறுமுன் ஓட்டத்தை முடித்துச் சேமித்துவிட்டு, இறங்கியதும் புதிதாகத் தொடங்குவேன். போன மாதம் ஒரே ஓட்டத்தில் 100 கிலோமீட்டர் என்ற சவால் இருந்தது. நிபோங் திபால் வரை போய்த் திரும்பியதில் அந்தக் கரையில் 82, இந்தக் கரையில் 21. இரண்டு ஓட்டமாகிவிட்டதால் பேட்ஜ் வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பித் தீவை ஒருமுறை சுற்றி, பாக்கியைக் கர்னி டிரைவில் போயும் வந்தும் முடித்தேன். கடைசி ஒன்பது கிலோமீட்டருக்கு அந்தப் பாயான் பாருத் தம்பி கூட வந்தார்.