சிலைக்குச் சென்னையா, சுவருக்குக் கொச்சியா?

கொங்கு நாட்டில் எல்லாம் உண்டு, கடல் மட்டும் கிடையாது. அலையில் கால் நனைக்க வேண்டுமென்றால் பை தூக்கித்தான் ஆக வேண்டும். கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர், கொச்சி 200க்குள். போன வருடம் கையில் சனி, ஞாயிறு என்று இரண்டே நாள் இருந்தபோது எனக்கும் அக்கா மகனுக்கும் இதில்தான் வழக்கு. அவன் ஓவியம் படிக்கிறவன், சுவர் ஓவியம் பார்க்கக் கொச்சி என்றான். எனக்கு மெரினா சிலைகள். நடுவில் அம்மிச்சி, "செலை பாக்கறதுக்கா சாமி இத்தன தூரம் போறீங்க? மலம்புழாவுல இல்லாத செலையா?" என்றார்.

அம்மிச்சி கேட்டது நியாயம்தான். பாலக்காட்டுப் பக்கம் மலம்புழா அணையில் இருக்கும் யட்சி சிலை 1969இல் கானாயி குஞ்ஞிராமன் செய்தது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத கோவைக் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே கைதான் பிற்பாடு திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் சாகரகன்னிகையைப் படுக்க வைத்தது. ஆனால் அதற்கு இரண்டு நாள் போதாது என்று விட்டுவிட்டோம். சென்னைக்கும் கொச்சிக்கும் ஆறு மாத இடைவெளியில் போய் வந்தோம்.

சென்னையில் முதல் சௌகரியம் இரவு ரயில். சேரனில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். நேரே மெரினா. அங்கேதான் ஒரு தப்பு செய்தோம். காமராஜர் சாலைச் சிலைகள் சாலையைப் பார்த்து நிற்கின்றன, முதுகு கடலுக்கு. காலையில் வெயில் பின்னாலிருந்து வருவதால் ஔவையார், வள்ளுவர் எல்லோருடைய முகமும் கருப்பாகத்தான் தெரியும். முகம் பார்க்க வேண்டுமென்றால் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். இவற்றில் பல 1968இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தவை. கம்பர், பாரதியார் வரிசையிலேயே போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என்று மூன்று வெளிநாட்டுக்காரர்களும் நிற்கிறார்கள். சிலம்பை ஓங்கி நிற்கும் கண்ணகியை 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006 ஜூனில் திரும்ப வைத்தார்கள். அந்தச் சண்டை நினைவிருக்கிறவர்களுக்கு அந்தப் பீடம் வேறு மாதிரி தெரியும்.

விடிகாலையில் பார்க்க ஏற்றது ஒன்றே ஒன்று, உழைப்பாளர் சிலை. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் திறந்தது. நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். உடம்புதான் அங்கே சேதி, முகம் இரண்டாம் பட்சம். அதனால் பின்வெளிச்சத்தில் இன்னும் எடுப்பாக இருக்கிறது. என் அப்பா பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போனவர். அந்த முதுகுகளைப் பார்த்தபோது அவர் ஞாபகம் வந்தது. உழைப்பின் வெற்றி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாறை என்னவோ இன்னும் அசைந்தபாடில்லை. நாட்டிலேயே முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923இல் கொண்டாடியதும் இந்த ஊரில்தான்.

அக்கா மகனுக்கு இதெல்லாம் போதவில்லை. சுவர் வேண்டுமாம். சரி என்று மத்தியானம் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்குப் போனோம். 2020இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய இடம், அந்தப் பகுதிக் குழந்தைகளின் முகமும் சுவரளவுக்கு உண்டு. நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியேற்றிய பகுதி அது. துணி காயும் வீட்டு வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

கொச்சி வேறு கதை. எர்ணாகுளத்தில் இறங்கி, படகேறிக் கோட்டைக் கொச்சி. வாட்டர் மெட்ரோவும் போகிறது, எனக்குப் பழைய படகுதான் பிடித்தது. கோட்டைக் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரி வரை நடந்தால் சந்துக்குச் சந்து சுவரில் ஏதாவது இருக்கும். சில ஆள் உயரம், சில கையளவு. மட்டாஞ்சேரி கிட்டங்கிப் பக்கம் சுக்கும் மிளகும் மணக்கும். 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய பினாலே என்ற கலைக் கண்காட்சி அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடக்கிறது. கட்டடங்களுக்குள் பார்க்க டிக்கெட் வேண்டும், தெருச் சுவருக்கு யாரும் காசு கேட்பதில்லை.

ஆனால் நாங்கள் போனது ஜூலையில். மழை சுவரைத் தின்றுகொண்டிருந்தது. பாதி ஓவியத்தில் பாசி. அவன் போனில் சேமித்து வைத்திருந்த ஒரு படத்தைத் தேடி மூன்று சந்து சுற்றினோம். கடைசியில் அந்தச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. மழை விட்டு, டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவதுதான் சரி.

புதுச்சேரியையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலையும், செஞ்சித் தூண்கள் சூழ நிற்கும் காந்தியும் அழகுதான். அரை நாளில் முடிந்துவிடும். சென்னையோடு சேர்த்துக்கொள்ளலாம், அதற்கென்று கோவையிலிருந்து கிளம்ப வேண்டாம்.

அப்புறம், இரண்டில் எது? முழங்கால் வலிக்காரர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் மெரினாதான். நேரான பாதை, களைத்தால் மணலில் உட்காரலாம், சுண்டல் இருக்கிறது. மற்றபடி என் ஓட்டு கொச்சிக்கு, முதலில் நான் சென்னைக்காக வாதாடியவன் என்றாலும். கல்யாணம், ஆஸ்பத்திரி, இன்டர்வியூ என்று சென்னைக்கு எப்படியும் ஒரு நாள் போகத்தான் போகிறோம், சிலைகள் அதுவரை நிற்கும். கொச்சிச் சுவர் அடுத்த மழை வரைக்கும்கூட நிற்குமா தெரியாது.

கிளம்புகிற அன்று சாயங்காலம் சீனவலைப் பக்கம் நின்றோம். கயிற்றில் பெரிய பெரிய கற்களை எடைக்குத் தொங்கவிட்டு, ஐந்தாறு பேர் சேர்ந்து வலையை இழுத்தார்கள். "மாமா, மெரினாவுல இருக்கறவங்களாட்டவே இருக்கறாங்கல்ல?" என்றான். இங்கே கல் அசைந்தது. வலையில் நாலைந்து மீன்தான்.