ஏழு கறிப் பக்கத்தைப் புகழ்ந்து 20,000 ரூபாயைக் கொண்டுபோனார்கள்: இணையதளம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சொந்தமாக ஒரு இணையதளம் நடத்திக்கொண்டு, அதில் விளம்பரம் போட்டால் நாலு காசு வருமே என்று யோசிக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன வெள்ளிக்கிழமைதான் என் கணக்கை மூடினார்கள். போனது 436 டாலர். நம் மொரிசியஸ் ரூபாயில் 20,000. இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை, ஆத்திரம் அடங்கவில்லை. மாற்று விளம்பரத் திட்டங்களை எப்படித் தேடுவது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ரோஸ்ஹில்லில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், சனிக்கிழமைகளில் கோயில் வகுப்பு. ஆறு வருடமாக ஒரு சின்ன இணையதளம் வைத்திருக்கிறேன். காவடிக்குப் பாடுகிற பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் ஒரு வரி, ரோமன் எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே இங்கே எல்லோரும் பேசுகிற கிரியோல் மொழியில் பொருள் என்று போட்டிருப்பேன். இங்கே நம் ஆட்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆனால் பாட்டு மட்டும் நாக்கில் இருக்கும். அவர்களுக்காகத்தான். இன்னொரு பக்கத்தில், காவடி முடிந்து வாழையிலையில் பரிமாறுகிற ஏழு கறியை என் மாமியார் செய்கிற முறை படத்தோடு இருக்கிறது. அதுதான் தளத்திலேயே அதிகம் பேர் பார்க்கிற பக்கம். ரீயூனியன் தீவிலிருந்தும் பிரான்சிலிருந்தும்கூட வருவார்கள்.

தளத்துக்கு ஹோஸ்டிங் பணம் கட்டவேண்டும். அதைவிட முக்கியமாக, சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சிப் புத்தகம் ஒன்று அச்சடிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 60 பிரதி. போர்ட் லூயிசில் ஒரு அச்சகத்தில் விலை கேட்டிருந்தேன், 18,000 ரூபாய் சொன்னார்கள். விளம்பரக் காசில் அதைச் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தருகிற கூகுள் ஆட்சென்ஸ் 2018இல் தமிழை ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சு முன்பே உண்டு. நம் கிரியோல் அந்தப் பட்டியலில் இல்லை, என் தளத்திலோ முக்கால்வாசி கிரியோல். அதனால் வேறு வழி தேடினேன். தளத்தைத் தாங்களே எடுத்து நிர்வகித்துத் தருகிற பெரிய நிறுவனங்கள் மாதத்துக்குப் பல்லாயிரம் வருகை கேட்டார்கள். எனக்குச் சாதாரண மாதத்தில் 9,000 பார்வைதான். சரி, விளம்பரங்களைத் தளங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற சின்ன நெட்வொர்க்குகளைச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாக இறங்கினேன்.

முதலாவது பேனர் மட்டும் போடுகிறவர்கள். ஆயிரம் பார்வைக்கு 40 சென்ட் வந்தது. இரண்டாவது, செய்தித் தலைப்பு மாதிரியே பக்கத்துக்குக் கீழே ஒட்டுகிற விளம்பரம். 70 சென்ட் கொடுத்தார்கள், ஆனால் தொப்பை கரைக்கிற மருந்துப் படமாக வந்தது. முருகன் பாட்டுக்குக் கீழே அதைப் பார்க்கச் சகிக்காமல் எடுத்துவிட்டேன். மூன்றாவதாக அக்டோபரில் வந்ததுதான் இவர்கள். பெயர் சொல்லவில்லை. 'எந்த மொழித் தளமானாலும் ஏற்போம், அதே நாளில் அனுமதி, 25 டாலர் சேர்ந்தாலே பணம்' என்று சொல்லும் வெளிநாட்டு விளம்பர நெட்வொர்க், அவ்வளவுதான்.

அன்று மாலையே அனுமதி வந்தது. மறுநாள் டெலிகிராமில் ஒருவர் வந்தார், 'நான் உங்கள் அக்கவுண்ட் மேனேஜர்' என்று. முதல் வார்த்தையே தமிழ் எழுத்தில் 'வணக்கம்'. அப்புறம் நல்ல பிரெஞ்சில் பேசினார். 'உங்கள் ஏழு கறிப் பக்கத்தைப் பார்த்தேன் மேடம், பார்த்ததும் பசி எடுத்துவிட்டது. அந்த இலையில் இடது ஓரம் இருப்பது என்ன ஊறுகாய்?' என்று கேட்டார். அந்தப் படம் என் மாமியார் இறப்பதற்கு முந்தின வருடம் எடுத்தது. இலை ஓரத்தில் அவர் கைவிரல்கூடத் தெரியும். அதை இவ்வளவு உற்றுப் பார்த்துப் பேசுகிற ஒருவர் நம்மை ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாங்காய் ஊறுகாய் என்று உட்கார்ந்து விளக்கமாகப் பதில் எழுதினேன். இப்போது அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மூன்று வாரத்தில் 25 டாலர் சேர்ந்தது. கேட்ட இரண்டாம் நாளே வங்கியில் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்திப் போனைக் காட்டினேன். "பாத்தீங்களா, வந்துடுச்சு!" என்றேன். "நல்லதும்மா. இருந்தாலும் எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காதே" என்றார். நான் கேட்கவில்லை. மற்றவர்களுடைய ஸ்கிரிப்டுகளை, அதாவது விளம்பரம் வருவதற்காகத் தளத்தில் ஒட்டுகிற நிரல் துண்டுகளை எல்லாம் அன்று ராத்திரியே எடுத்துவிட்டு, தளம் முழுவதும் இவர்களுடையதை மட்டும் போட்டேன்.

நவம்பரில் 28 டாலர். டிசம்பரில் 41. ஜனவரியில் காவடிக் கொடியேற்றத்தை ஒட்டிக் கூட்டம் குவிந்தது, 187. பிப்ரவரியில் பாதி மாதத்துக்குள் 130. மொத்தம் 386 டாலர். ஆயிரம் பார்வைக்கு 3 டாலர் வீதம் வந்துகொண்டிருந்தது. முதல் நெட்வொர்க்கைவிட ஏழு மடங்குக்கு மேல். ஏன் இவ்வளவு என்று நான் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

அந்த 3 டாலர் எங்கிருந்து வந்தது என்பது விரத நாட்களில் தெரிந்தது. எங்கள் கோயில் பெரியம்மா ஒருவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்து என் தளத்தில் பாட்டைத் திறந்தார். இரண்டாவது வரிக்கு விரலால் தள்ளியதும் பாட்டு மறைந்து, போன் நடுங்கி, 'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்து நின்றது. "மிஸ், கி ஃபின் அரிவே?" (என்ன ஆச்சு?) என்று பயந்துபோய் போனை என் கையில் கொடுத்தார். நான் அதை மூடினால் பந்தயம் கட்டுகிற பக்கம் ஒன்று வந்தது. பத்து நாள் விரதம் இருக்கிற மனுஷிக்கு, என் தளத்திலிருந்து இது!

எனக்கு மட்டும் ஏன் இது வந்ததே இல்லை என்று அப்புறம்தான் கண்டுபிடித்தேன். பேனர் என்று சொல்லிக் கொடுத்த ஸ்கிரிப்ட், பெயர் மாறிக்கொண்டே இருக்கிற வேறு ஏதோ முகவரியிலிருந்து இன்னொரு ஸ்கிரிப்டை இழுத்துக்கொண்டு வருகிறது. அது போனில் மட்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் வேலை செய்யும். நான் கணினியில், தளத்துக்குள் லாகின் செய்த நிலையில்தான் எப்போதும் பார்ப்பேன். என் கண்ணில் படாதபடிதான் அதை வைத்திருக்கிறார்கள். மேனேஜரிடம் கேட்டேன். 'ஒரு விளம்பரதாரர் தவறு செய்துவிட்டார் மேடம், தடுத்துவிட்டோம்' என்றார். அதையும் நம்பினேன்.

காவடி முடிந்ததும் 386 டாலரைக் கேட்டு விண்ணப்பித்தேன். அப்போது ஆரம்பித்தது அலைக்கழிப்பு.

முதல் வாரம் 'செயலாக்கத்தில் உள்ளது' என்றே இருந்தது. கேட்டதற்கு, 'நிதிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன் மேடம்.' இரண்டாவது வாரம், சீனப் புத்தாண்டு விடுமுறை, அவர்களுடைய வங்கி திறக்கவில்லையாம். மூன்றாவது வாரம் வந்ததுதான் பெரிய பொய். 'மொரிசியஸ் பணமோசடிக் கண்காணிப்புப் பட்டியலில் உள்ள நாடு. அதனால் 50 டாலர் சரிபார்ப்பு வைப்புத்தொகை கட்ட வேண்டும். உங்கள் 386 டாலரோடு சேர்த்து 436 ஆகத் திருப்பித் தந்துவிடுவோம்.'

அந்தப் பட்டியலைப் பற்றி நான் செய்தியில் கேட்டிருந்தேன், அதனால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். 2020 பிப்ரவரியில் நம் நாட்டை அந்தச் சாம்பல் பட்டியலில் சேர்த்தார்கள், சரி. ஆனால் 2021 அக்டோபரிலேயே எடுத்துவிட்டார்கள்! இதைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் பணம் கட்டிய பிறகுதான் தேடினேன்.

கார்டில் 50 டாலர் கட்டினேன். 'கிடைத்தது, நன்றி' என்று உடனே பதில். இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல்: 'உங்கள் தளத்துக்கு வந்த வருகையில் 94 சதவீதம் போலி. ஜனவரியில் திடீரென்று ஏழு மடங்கு கூடியிருக்கிறது. ஒப்பந்தப்படி வருமானம் ரத்து.' போலியா? எங்கள் ஊரில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவு முருகன் கோயிலுக்கு ஏறுகிற கூட்டத்தை வந்து பார்க்கட்டும், அந்த மாதம் பாட்டுத் தேடுகிறவர்கள் போலியா நிஜமா என்று தெரியும். முந்தின இரண்டு வருட ஜனவரிக் கணக்கையும் படம் எடுத்து அனுப்பினேன், அப்போதும் இதே மாதிரிதான் கூடியிருக்கிறது. பதிலுக்கு அதே பத்தியை எழுத்து மாறாமல் ஒட்டி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன், மறுபடி அதே பத்தி. மூன்றாவது தடவை, 'உங்கள் டிக்கெட் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று கேட்டார்கள். டெலிகிராமில் மேனேஜரின் படம் காணாமல் போய், 'நெடுநாள் முன்பு பார்த்தார்' என்று காட்டுகிறது. தடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கணக்கும் மூடப்பட்டது. 386 போச்சு, மேலே கட்டிய 50 போச்சு.

வங்கிக்குப் போய் 50 டாலரையாவது மீட்டுத் தரச் சொன்னேன். ஓடிபி போட்டு நீங்களே ஒப்புக்கொண்ட பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். 20,000 ரூபாய் என்றால் பத்து 2,000 ரூபாய் நோட்டு. நம் நோட்டில் தமிழ் இருக்கிறது பாருங்கள் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுகிற அதே நோட்டு.

பணத்தோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்து, "மிஸ், உங்க சைட்டைத் திறந்தா சிவப்பா வருது, ஆபத்துன்னு எழுதியிருக்கு" என்றார். அந்த ஸ்கிரிப்ட் செய்த வேலையால் குரோம் என் தளத்தை ஏமாற்றுத் தளம் என்று எச்சரிக்கிறது. ஆறு வருடம் இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்த பாட்டுகள்! தளத்தின் முதல் அடைவில் நான் வைக்காத 'எஸ்டபிள்யூ டாட் ஜேஎஸ்' (sw.js) என்று ஒரு கோப்பு இருந்தது. போனுக்கு அறிவிப்பு அனுப்புவதற்காம். தளத்தில் சேர்க்கச் சொல்லி அவர்கள் கொடுத்த பிளகின் என்ற கூடுதல் மென்பொருள் போட்டது. அதையும் அழித்து, கடவுச்சொல் எல்லாம் மாற்றி, தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் மறுபரிசீலனை கேட்டிருக்கிறேன். பதில் வர நாள் ஆகும்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும். நல்ல நெட்வொர்க் என்றால், உங்கள் தளத்தில் யார் யார் விளம்பரம் விற்கலாம் என்று காட்டுகிற 'ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட்' (ads.txt) கோப்பில் சேர்க்க உங்களுக்கு ஒரு வரி தருவார்கள். இவர்கள் கடைசிவரை தரவில்லை. பணம் கொடுக்க வேண்டியவர் உங்களிடம் பணம் கேட்டால், 5 டாலராக இருந்தாலும் கட்டாதீர்கள். சின்னத் தொகை முதலில் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள், எனக்கு வந்த 25 டாலர் தூண்டில் புழு. விளம்பரம் போட்ட பிறகு லாகின் செய்யாமல், வேறொருவர் போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அவர்களுடைய டொமைன், அதாவது இணைய முகவரி, எப்போது பதிவானது என்று பாருங்கள். '2014 முதல்' என்று போட்டிருந்தவர்களின் டொமைனுக்கு வயது ஏழு மாதம். குறைந்தபட்சம் சேர்ந்ததும் ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுங்கள், என்னைப் போலச் சேர்த்து வைக்காதீர்கள்.

நம் அரசின் மாகோர்ஸ் என்ற இணையக் குற்றப் புகார் தளத்தில் எல்லாவற்றையும் பதிந்துவிட்டேன். டெலிகிராம் உரையாடல், 50 டாலர் ரசீது, அந்த ஒட்டுப் பத்தி மூன்றும் இணைத்திருக்கிறேன். உங்களுக்கும் 'வணக்கம்' என்று ஆரம்பித்து, உங்கள் தளத்தின் படத்தைப் பற்றிப் பேசி யாராவது வந்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், பெயரைத் தனியாகச் சொல்கிறேன். அச்சகத்துக்கு இன்று போன் செய்து அந்த 60 புத்தகத்தையும் நிறுத்தச் சொல்லவேண்டும்.