பர்ஸ்டா, சர்ஜா: முதலில் எந்தச் சோதனை?

சிங்கப்பூரின் ஊபி, காக்கி புக்கிட் வட்டாரத்தில் சிறிய அளவில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்பவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் அரை நாள்தான் கிடைக்கிறது என்று வையுங்கள். மின்கம்பி வழியே வரும் மின் இரைச்சலைப் பெட்டி தாங்குமா என்று பார்க்கும் பர்ஸ்ட் சோதனையை முதலில் செய்வதா, இடி மின்னல் அதிர்வைப் போலச் செய்யும் சர்ஜ் சோதனையையா? பர்ஸ்ட்தான் முதலில் என்பேன்.

ரிலேயோ கான்டாக்டரோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) ஒரு மின்சுருளைத் துண்டிக்கும்போது எழும் இரைச்சலே பர்ஸ்ட். ஐஇசி என்ற அனைத்துலக மின்தொழில்நுட்ப அமைப்பின் 61000-4-4 தரநிலையில் ஒவ்வொரு துடிப்பும் 5 நானோ நொடியில் எழுந்து சுமார் 50 நானோ நொடியில் பாதியாக இறங்குகிறது. 5 கிலோஹெர்ட்ஸில் 15 மில்லி நொடி நீளும் துடிப்புகள் ஒரு கொத்து. 300 மில்லி நொடிக்கு ஒருமுறை அது திரும்ப வரும். ஆற்றல் மிகக் குறைவு என்பதால் பாகம் கருகுவது அரிது. ஆனால் திரையில் எழுத்து சிதறும், ரிலே தானே டக்கென்று விழும், செயலி மறுபடி தொடங்கும். வடிவமைப்பின் ஓட்டைகள் பொருளைக் கெடுக்காமலே தெரிந்துவிடும்.

சர்ஜ் அப்படியல்ல. 61000-4-5 தரநிலைப்படி 2 கிலோவோல்ட், சோதனைக் கருவியின் உள்தடை 2 ஓம் என்றால் குறுக்குச் சுற்றில் 1,000 ஆம்பியர் பாயும். மிகை மின்னழுத்தத்தை உறிஞ்சும் வேரிஸ்டர் என்ற பாகம் பிளந்து பலகையில் கரி படிந்தால் அந்த மாதிரி அத்தோடு தீர்ந்தது. நேரமும் அதிகம்: மின்னலையின் நான்கு கட்டக் கோணங்களிலும், நேர், எதிர் என இரு முனைவுகளிலும் ஐந்தைந்து அதிர்வு, நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு கம்பி இணைக்கே 40 நிமிடம்.

அதற்காகச் சர்ஜைக் கைவிடலாகாது. சிங்கப்பூரில் மின்கம்பிகள் நிலத்தடியில்தான் ஓடுகின்றன. ஆனாலும் கூரைமேல் இருக்கும் கேமராவுக்கும் வாயிற்கதவு மோட்டாருக்கும் இடிமழைக் காலம் உண்மையான ஆபத்து.

என்னை வருத்துவது, "வேரிஸ்டர் போட்டாயிற்று, இரைச்சலும் அடங்கிவிடும்" என்ற நம்பிக்கை. பர்ஸ்ட் பெரும்பாலும் இரு கம்பிகளிலும் சேர்ந்தே எர்த்தை நோக்கி வருகிறது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ள வேரிஸ்டருக்கு அங்கே வேலையே இல்லை. அதற்குக் கம்பியைச் சுற்றி மாட்டும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையமும், எர்த்துக்குப் போகும் சிறு மின்தேக்கியும், குட்டையான எர்த் கம்பியும் வேண்டும். அவ்வளவு வேகமான துடிப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கம்பியே பெரிய தடை. சுருட்டிக் கட்டிய எர்த் கம்பி பயன்படவே படாது.

பர்ஸ்ட் கருவியை வாடகைக்கு எடுத்து உங்கள் மேசையிலேயே பழகலாம். சர்ஜை ஆய்வுக்கூடத்திடமே விடுங்கள். அங்கே போகும்போது மாற்று மாதிரிகள் இரண்டு கையில் இருக்கட்டும்.