வீட்டில் கட்டிய கிட் கார்: பல ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு

பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிட் கார் ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு கேள்விகள்தான்: எவ்வளவு காலமாகும், எவ்வளவு செலவாகும். அப்படி ஒரு காரைப் பல ஆண்டுகளாக இங்கிலாந்துச் சாலைகளில் ஓட்டிவரும் எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. இன்று முடுக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் பின்னொரு நாள் கழற்ற வேண்டிவரும் என்ற நினைப்போடு கட்டினோமா என்பதைப் பொறுத்தே, கார் சாலைக்கு வந்த பிறகு அதனால் கிடைக்கும் சுகமும் தொல்லையும் அமைகின்றன.

என் கார், லோட்டஸ் நிறுவனம் 1957இல் அறிமுகப்படுத்திய செவன் என்ற இரு இருக்கைக் காரின் அமைப்பைப் பின்பற்றியது. வெல்டு செய்த எஃகுக் குழாய் சேசிஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடுகள், ஃபைபர் மட்கார்டுகள், அவ்வளவுதான். முழுக் காருக்கு அன்று பிரிட்டனில் இருந்த கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் காருக்கு இல்லாததால் பலர் செவனைப் பாகங்களாகவே வாங்கினார்கள். 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்த ஆதாயம் மறைந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. ஆனாலும் வீட்டில் கட்டும் வழக்கம் நிற்கவில்லை. சேசிஸையும் தகடுகளையும் ஒரு சிறு தயாரிப்பாளரிடம் வாங்கிக்கொண்டு, எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டீயரிங் ஆகியவற்றைப் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரின் பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்தேன்.

எம்எக்ஸ்-5ஐத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பினால் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களின் கதவுக்குக் கீழுள்ள பகுதி துருப்பிடித்து உளுத்துப்போகிறது. ஆண்டுப் பரிசோதனையான எம்ஓடியில் கார் தோற்கிறது. ஆனால் 1.6 லிட்டர் எஞ்சினும் கியர்பாக்ஸும் அப்போதும் திடமாகவே இருக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட்டையும், சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்தில் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரின் ரப்பர் வளையத்தையும் மாற்றிவிட வேண்டும். சில காசு பெறுமானமுள்ள அந்த வளையம் காய்ந்துபோனால் எண்ணெய் கசியும். எஞ்சினைப் பூட்டிய பின் அந்த இடத்துக்குள் கை நுழைவதே கடினம்.

இதே எண்ணத்தில்தான், இரு இருக்கைகளுக்கும் நடுவே கியர்பாக்ஸை மூடும் தகட்டுக்கு ரிவெட் அடிக்காமல், திருகாணியால் கழற்றி மாட்டும்படி செய்தேன். இரண்டு குளிர்காலம் கழித்து கிளட்சைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் கீழ்ச் சிலிண்டர் கசியத் தொடங்கியது. எம்எக்ஸ்-5இல் அது எதிர்பார்க்க வேண்டிய கோளாறுதான். தகட்டை எடுத்ததும் இரண்டு போல்ட்டுகளுக்கும் ஸ்பானர் நேராகப் போயிற்று; ஒரு மாலைப்பொழுதுக்குள் வேலை முடிந்தது.

ஒயரிங்தான் பலரும் அஞ்சும் பகுதி. எம்எக்ஸ்-5இன் ஒயர்க் கட்டைப் பிரித்து, மேலெழும் ஹெட்லைட் மோட்டார் போன்ற தேவையற்ற இணைப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவது பொறுமை கேட்கும் வேலை. மின்சுற்றுப் படத்தைப் பார்த்து ஒயரின் நிறத்தைச் சரிபார்த்த பிறகே வெட்ட வேண்டும். உண்மையான சிக்கல் எர்த் இணைப்பில் இருக்கிறது. சேசிஸின் பவுடர் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பளபளப்பான உலோகம் தெரியும்வரை பூச்சைச் சுரண்டி, இணைத்த பின் மேலே கிரீஸ் தடவ வேண்டும். பின் விளக்கருகே இருந்த ஓர் எர்த் முனையில் ஈரம் இறங்கியபோது, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கி மினுக்கியது; பெட்ரோல் முள்ளும் சேர்ந்து துள்ளியது. இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் ஒன்றாகத் தோன்றினால், பல்பையும் மீட்டரையும் மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.

பதிவுக்கு முன் ஐவிஏ எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனை உண்டு. 2009 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. வெளிப்புறத்தில் உடல் படக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. பிரேக்கை அழுத்தி மிதித்தால், பின் சக்கரங்களைவிட முன் சக்கரங்களே முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். அனுமதிக்கப்படும் புகை அளவு எஞ்சினின் வயதைப் பொறுத்தது என்பதால் அந்த வயதுக்கான சான்று கையில் இருப்பது அவசியம். கட்டும்போது எடுத்த புகைப்படங்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். நீங்களே கட்டினீர்கள் என்பதற்கு அவைதான் ஆதாரம். கடுமையான சோதனைதான், ஆனால் இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தெருவில் நடந்து போகிறவர்கள் நம் கைவேலையை நம்பித்தான் போகிறார்கள்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதானால், 950 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின் இப்போது ஏறத்தாழ 650 கிலோவை இழுக்கிறது. கிராமப்புற வளைவுகளில் முன் சக்கரம் மேடேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தபடியே ஓட்டலாம். அந்த இன்பம் இன்றும் எனக்குக் குறையவில்லை. நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. காதடைப்பான் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது கடினம், கியர்பாக்ஸின் சூடு இடது காலைத் தாக்கும், மழை வந்தால் துணிக்கூரையைப் பூட்டுவதற்குள் இருக்கை நனைந்துவிடும்.

அலுமினியத் தகடும் எஃகுக் குழாயும் நேரடியாகத் தொடும் இடங்களில், உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெண்பொடியாக உதிரும். நடுவே ஒட்டுப்பசை அடர்த்தியாக இருந்த இடங்கள் இன்றும் நன்றாக உள்ளன. பின் சக்கரத்துக்கு முன்னால், சரளைக்கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த ஓரங்களில் மட்டும் குமிழ் எழத் தொடங்கியிருக்கிறது. ஆண்டுக்கொருமுறை சக்கரங்களைக் கழற்றி, சஸ்பென்ஷன் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சோதித்து, இந்த ஓரங்களைத் துடைத்து மெழுகு அடிக்கிறேன். முதல் ஆண்டில் சில நட்டுகள் தளர்ந்திருந்தன. அதன் பிறகு அபூர்வம்.

பணத்தை மிச்சப்படுத்தும் நோக்கில் இதில் இறங்காதீர்கள். அதே தொகைக்கு நல்ல பழைய எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி நாளையே ஓட்டலாம். கட்டும் வேலையிலேயே விருப்பம் உள்ளவர்களுக்கு, ஒரு காரைப் பிரித்து இன்னொன்றைக் கட்டும் இந்த முறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டு கார்களின் பாகங்களையும் மாதக்கணக்கில் பரப்பி வைக்க இடமில்லாதவர்கள், எல்லாப் பாகங்களும் புதிதாகப் பெட்டியில் வரும் முழு கிட்டை வாங்குவதே மேல். செலவு கூடினாலும், துருப்பிடித்த போல்ட்டுகளோடு போராடும் வேலை இருக்காது.